மரக்காலுக்குச் சாமி பெயர்

நமது சங்கத்தின் கடிதத் தாளுக்கும் உறுப்பினர் அட்டைக்கும் புதிதாக ஒரு சின்னம் வேண்டும் என்ற பேச்சு சென்ற கூட்டத்தில் வந்தது. இளைய உறுப்பினர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு கோல். அதை இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டிருக்கின்றன. உச்சியில் இரண்டு சிறகுகள். "வெளிநாட்டில் வியாபாரத்துக்கு இதுதான் அடையாளம், நாமும் வைத்துக்கொள்ளலாம்" என்றார். உடனே மூத்தவர் ஒருவர், "அது டாக்டர் வண்டியில் ஒட்டுகிற படம் தம்பி, மளிகைக் கடைக்காரனுக்கு எதற்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் தம்பி சொன்னதே அதிகம் சரி. அந்தக் கோலுக்குப் பின்னால் ஒரு தெய்வம் இருக்கிறது. அந்தத் தெய்வத்தின் கதையில் நம் தொழிலைப் பற்றி உலகம் என்ன நினைத்தது, இன்னும் என்ன நினைக்கிறது என்பது அடங்கியிருக்கிறது. சின்னத்தை முடிவு செய்யுமுன் அந்தக் கதையை வணிகப் பெருமக்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

முதலில் டாக்டர் சங்கதியை முடித்துவிடுவோம். வைத்தியத்துக்குரிய கிரேக்கத் தெய்வம் அஸ்கிளேபியஸ். அவர் கையில் இருப்பது ஒரே பாம்பு சுற்றிய தடி, சிறகு கிடையாது. 1902-இல் அமெரிக்க ராணுவத்தின் மருத்துவப் பிரிவு தன் சீருடைக்கு இரண்டு பாம்புக் கோலை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அந்தக் குழப்பம் உலகமெல்லாம் பரவி நம் ஊர் ஸ்கூட்டர் வரை வந்து சேர்ந்தது. மருந்துக்கு ஒரு பாம்பு, வியாபாரத்துக்கு இரண்டு பாம்பு என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். ஏன் நமக்கு மட்டும் ஒன்று கூடுதல் என்று கேட்பவர்களுக்கு மேலே படித்தால் விளங்கும்.

இரண்டு பாம்புக் கோலுக்கு உடையவர் ஹெர்மிஸ். கிரேக்கர்களின் தெய்வங்களில் இவருக்குக் கால் நிற்காது. காலில் சிறகு வைத்த செருப்பு, தலையில் தொப்பி. மேலுலகத்துச் செய்தியைக் கொண்டுபோவது, வழிப்போக்கரைக் காப்பது, சந்தையைப் பார்த்துக்கொள்வது, இறந்தவர்களின் உயிரைக் கீழுலகத்துக்கு அழைத்துச் செல்வது எல்லாம் இவர் வேலை. நம் கிராமத்து எல்லையில் சாமி காவல் நிற்பதுபோல, அவர்கள் ஊரில் வீட்டு வாசலிலும் முச்சந்தியிலும் இவர் தலை செதுக்கிய கல்தூண் நிற்கும். கி.மு. 415-இல் ஒரே இரவில் ஏதென்ஸ் நகரத்துத் தூண்களை யாரோ உடைத்துவிட்டார்கள். சிசிலிக்குப் படை புறப்படும் நேரம். கெட்ட சகுனம் என்று ஊரே நடுங்கிப்போயிற்று. வழியில் கிடந்த பொருளை ஒருவன் கண்டெடுத்தால் அதற்கு ஹெர்மிஸ் கொடுத்தது என்றே பெயர். கூட வந்தவன் "ஹெர்மிஸ் பொது" என்று சொல்லிவிட்டால் அவனுக்கும் பங்கு உண்டு என்பது அவர்கள் வழக்கம். கூட்டு வியாபாரம் செய்கிறவர்கள் ரசிக்கத்தக்க வழக்கம்தான்.

இவரே வியாபாரிகளுக்கும் தெய்வம், திருடர்களுக்கும் தெய்வம். இதைப் படிக்கும்போது நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் கிரேக்கர்கள் இதில் ஒன்றும் முரண்பாடு பார்க்கவில்லை. பிறந்த அன்றே ஹெர்மிஸ் தொட்டிலை விட்டு இறங்கி, ஆமை ஓட்டில் நரம்பு கட்டி ஒரு யாழ் செய்தாராம். அன்று இரவே அண்ணன் அப்பல்லோவின் மாடுகள் ஐம்பதைத் திருடினாராம். கால்தடம் பார்த்து வருகிறவர்கள் ஏமாற வேண்டும் என்று மாடுகளைப் பின்புறமாக நடக்கவைத்து ஓட்டிக்கொண்டு போனாராம். பிடிபட்டதும், "நான் நேற்றுப் பிறந்த பிள்ளை, மாடென்றால் என்னவென்றே தெரியாது" என்று சாதித்தாராம். தகப்பனார் ஜியஸ் சிரித்துவிட்டார். கடைசியில் வழக்கு எப்படித் தீர்ந்தது? யாழின் இசையில் அப்பல்லோ மயங்கினார். யாழை அவருக்குக் கொடுத்து, மாடுகளை இவர் வைத்துக்கொண்டார். திருட்டில் தொடங்கி பண்டமாற்றில் முடிந்த கதை. வாங்கியவருக்கும் திருப்தி, கொடுத்தவருக்கும் திருப்தி, நடுவில் நடந்ததை எல்லோரும் மறந்தார்கள்.

இந்தத் தெய்வம் ரோமாபுரிக்குப் போனபோது பெயர் மெர்க்குரி ஆயிற்று. காலில் சிறகோடு கையில் பணப்பையும் சேர்ந்துகொண்டது. கி.மு. 495-இல் ரோமில் இவருக்குக் கோயில் எழும்பியது. குடமுழுக்கை யார் நடத்துவது என்று அந்த ஆண்டின் இரண்டு கான்சல்களுக்கும் போட்டி. போட்டிக்குக் காரணம் பக்தி மட்டுமில்லை. கோயிலைப் பிரதிஷ்டை செய்கிறவரே நகரத்தின் தானிய விநியோகத்துக்கும் பொறுப்பாளர், வணிகர் சங்கம் ஒன்றையும் அவரே அமைக்கவேண்டும் என்று ஏற்பாடு. வரலாற்றாசிரியர் லிவி இதை எழுதி வைத்திருக்கிறார். முடிவை மக்களிடம் விட்டார்கள். மக்கள் இரண்டு கான்சல்களையும் ஒதுக்கிவிட்டு, லேட்டோரியஸ் என்ற ஒரு படைத்தலைவரிடம் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டார்கள். தானியம், கோயில், வணிகர் சங்கம் மூன்றும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பிறந்தன. நாம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தேர்தல் நடத்தி, சண்டை போட்டுக்கொள்வதெல்லாம் 2500 ஆண்டுப் பழமை உடையது என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.

அந்தக் கோயிலின் திருநாள் மே 15. அன்று ரோமாபுரி வியாபாரிகள் என்ன செய்வார்கள் என்பதைக் கவிஞர் ஓவிட் சற்றுக் கேலியாகவே எழுதியிருக்கிறார். கப்பேனா வாசல் என்ற நகர வாயிலுக்கு அருகே மெர்க்குரியின் நீரூற்று இருந்தது. வியாபாரி குளித்துச் சுத்தமாக வந்து, அந்த நீரைக் கலத்தில் முகந்து, ஒரு மரக்கிளையால் தன் சரக்கின் மேலும் தலைமயிரின் மேலும் தெளித்துக்கொள்வான். பிறகு வேண்டிக்கொள்வான்: இதுவரை சொன்ன பொய்ச் சத்தியங்களை மன்னித்துவிடு, இனிச் சொல்லப்போவதையும் கண்டுகொள்ளாதே, லாபம் கொடு. மெர்க்குரி மேலிருந்து சிரிப்பாராம், தானும் ஒரு காலத்தில் மாடு திருடியவர்தானே என்று.

கவிஞர்கள் எந்த நாட்டிலும் வியாபாரிகளுக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்ததில்லை என்று இதை நாம் தள்ளிவிடலாம். ஆனால் ஓவிட் கேலி செய்த அந்தப் பிரார்த்தனையின் வரிசையைக் கவனிக்கவேண்டும். முதலில் வியாபாரம், பிறகு பொய், ஆண்டுக்கு ஒருநாள் தண்ணீர் தெளிப்பு. குற்றம் நடந்து முடிந்தபிறகுதான் சாமி வருகிறார்.

இன்றைக்கு மேல்நாடுகளில் ஹெர்மிஸுக்குப் பூசை இல்லை. ஆனால் அவர் எங்கும் இருக்கிறார். நியூயார்க்கின் பெரிய ரயில் நிலையமான கிராண்ட் சென்ட்ரலின் முகப்பில் 1914 முதல் அவர் சிலைதான் நடுநாயகம். கிரேக்க நாடு 1861-இல் வெளியிட்ட முதல் தபால் தலைகளில் இருப்பது அவர் தலை. சீன நாட்டுச் சுங்க இலாகாவின் சின்னத்தில் ஒரு சாவியோடு அவர் கோலும் குறுக்கே கிடக்கிறது. மர்ச்சன்ட், காமர்ஸ் என்ற சொற்களும் மெர்க்குரி என்ற பெயரும் சரக்கு என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை என்பார்கள். காற்றுப் புகாமல் அடைத்த டின்னுக்கு ஆங்கிலத்தில் ஹெர்மெட்டிக் சீல் என்று சொல்வதும் இவர் பெயரால் வந்ததுதான். ரசவாத நூல்களை ஹெர்மிஸ் பெயரில் எழுதி வைத்தவர்கள் குப்பியை இறுக அடைக்கும் வித்தையையும் அவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நைக்கி என்ற செருப்புக் கம்பெனியின் பெயர் வேறொரு கிரேக்கத் தெய்வத்தினுடையது, வெற்றித் தேவதை. அமேசான் என்பது கிரேக்கக் கதையில் வரும் போர்ப் பெண்களிடமிருந்து நதிக்கும், நதியிடமிருந்து கம்பெனிக்கும் வந்த பெயர். லட்சக்கணக்கில் விலை சொல்லும் பிரெஞ்சுக் கைப்பை ஹெர்மிஸ் மட்டும் தெய்வத்தின் பெயர் இல்லை. 1837-இல் கடை தொடங்கியவரின் குடும்பப் பெயர். தற்செயலாகப் பொருந்திவிட்டது.

ஆக, மேல்நாட்டார் தெய்வத்தின் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டார்கள். அதனிடம் இருந்த பயத்தை விட்டுவிட்டார்கள். பயத்தின் இடத்தில் சட்டத்தை வைத்தார்கள். 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி நுகர்வோர் உரிமை பற்றி அவர்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியிலிருந்துதான் உலக நுகர்வோர் தினம் வந்தது. நம் நாட்டில் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2019-இல் அது புதிதாக்கப்பட்டது. சட்டம் வந்ததைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. ஓவிட் காலத்து நீரூற்றைவிட இது நூறு மடங்கு மேல். ஆனால் சட்டத்துக்கும் அந்த நீரூற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் தப்பு நடந்த பிறகுதான் வருகின்றன.

இந்தத் தெய்வம் நமக்கு அந்நியர் என்று யாரும் நினைக்க வேண்டாம். மெர்க்குரி என்ற கிரகத்தைத்தான் நாம் புதன் என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் புதன்கிழமையை மெர்க்ரெடி என்று மெர்க்குரி பெயராலேயே அழைக்கிறார்கள். ஆங்கிலேயரின் வெட்னஸ்டே ஓடன் என்ற வடநாட்டுத் தெய்வத்தின் நாள். அவரும் மெர்க்குரியும் ஒருவரே என்று ரோமானியர்கள் ஒப்பிட்டு வைத்திருந்தார்கள். ஏழு கிரகத்துக்கு ஏழு கிழமை என்ற ஏற்பாடே யவனர்களின் சோதிடத்தோடு இந்தியாவுக்கு வந்தது என்பது அறிஞர்கள் கருத்து. நம் நாட்டில் கிழமை குறித்த மிகப் பழைய கல்வெட்டாகச் சொல்லப்படுவது மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள கி.பி. 484-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அது ஒரு வியாழக்கிழமை. யவனர்கள் குடியிருந்த பூம்புகாரும், புதனுக்குத் தனிச் சந்நிதி உள்ள திருவெண்காடும் நம் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருப்பது வேடிக்கைதான்.

புதன்கிழமை காலையில் நம் கடைகளில் பச்சைப்பயறு கேட்பவர்களில் திருவெண்காட்டுக்குப் புறப்பட்டவர்களும் உண்டு. புதனுக்குத் தானியம் பயறு, நிறம் பச்சை, அவர் அருளால் வருவது கல்வி, கணக்கு, வியாபாரம் என்பது சோதிடம். நவதானியம் என்று நாம் பொட்டலம் கட்டி விற்பதில் கோதுமை சூரியனுக்கு, நெல் சந்திரனுக்கு, துவரை செவ்வாய்க்கு, கொண்டைக்கடலை குருவுக்கு, மொச்சை சுக்கிரனுக்கு, எள் சனிக்கு, உளுந்து ராகுவுக்கு, கொள்ளு கேதுவுக்கு. ஒன்பது கிரகத்துக்கும் நம் கடை அலமாரியில்தான் வாசம். புதன் பிறந்த கதையிலும் ஒரு திருட்டு இருக்கிறது. சந்திரன் தன் குருவான பிரகஸ்பதியின் மனைவி தாரையைக் கவர்ந்துபோனதால் பிறந்த பிள்ளை அவர். வியாபாரத் தெய்வத்தின் ஜாதகத்தில் கிரேக்கர்களும் நம்மவர்களும் ஒரே இடத்தில் கறை வைத்தது எப்படி என்று நாமும் யோசித்துப் பார்த்தோம், விளங்கவில்லை. சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற புதனுக்கு 88 நாள் ஆகிறது. கிரகங்களில் இதுதான் வேகம். நம் மளிகைச் சரக்கு 88 நாள் கடையில் தங்கினால் வண்டு விழும் என்பதால், அவரைவிட நாம் வேகமாகச் சுற்றவேண்டியிருக்கிறது.

சாமி படம் வைப்பதில் நம் கடைகள் குறைந்தவை அல்ல. காலையில் கடை திறந்ததும் வாசல் தெளித்து, விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தி, கல்லாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் முதல் போணி. பேரேட்டில் பிள்ளையார் சுழி போடாமல் வரவு எழுதுவதில்லை. பிள்ளையாரோடு லட்சுமி குபேரர் வந்தார். இப்போது தொப்பையைத் தடவிக்கொண்டு சிரிக்கும் சீனத்துப் பொம்மையும் கல்லா மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சிலர் புத்தர் என்கிறார்கள், சிலர் குபேரர் என்கிறார்கள். அவர் இருவரும் அல்லர், புதாய் என்ற சீனத் துறவி. பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் படம் கல்லாவுக்கு மேல் இருக்கிறதே தவிர, தராசுக்குப் பக்கத்தில் இல்லை என்பதைக் கவனித்தால், நாமும் கிராண்ட் சென்ட்ரல் முகப்புக்கு அதிக தூரத்தில் இல்லை என்பது தெரியும்.

நம் தஞ்சாவூரில் ஒரு காலத்தில் சாமி தராசிலும் மரக்காலிலும்தான் இருந்தார். இது உவமை இல்லை. பெரிய கோயிலின் சுவரில் வெட்டியிருக்கிறது.

985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த அந்தக் கோயிலுக்கு அவனும், அவன் அக்காள் குந்தவையும், அரசியரும், அதிகாரிகளும் கொடுத்தவை அத்தனையும் எடையோடும் அளவோடும் கல்லில் எழுதப்பட்டன. 1890-களில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து அச்சில் கொண்டுவந்ததால் இன்று நாமும் படிக்க முடிகிறது. பொன் நிறுத்த எடைக்கல்லுக்கு அதில் கொடுத்திருக்கும் பெயர் 'ஆடவல்லான்'. ரத்தினங்கள் நிறுத்த கல்லுக்கு 'தட்சிணமேரு விடங்கன்'. நெல் அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். ஆடவல்லான் என்றால் நடராஜர். தட்சிணமேரு விடங்கரும் அந்தக் கோயிலின் மூர்த்திதான். கிராமத்திலிருந்து வரும் நெல்லை அளப்பவன் நடராஜர் பெயரைச் சொல்லித்தான் அளக்கவேண்டும். அதில் ஒரு பிடி குறைத்தால் யாரைக் குறைத்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரோமாபுரியில் குறைத்து அளந்த பிறகு மெர்க்குரியிடம் போனார்கள். இங்கே அளக்கும் பாத்திரத்துக்கே தெய்வத்தின் பெயர் வைத்துவிட்டார்கள்.

இதே கல்வெட்டுகளில் நம் முன்னோர்களான தஞ்சை வியாபாரிகளும் வருகிறார்கள். நித்தவினோதப் பெருந்தெரு, மும்முடிச்சோழப் பெருந்தெரு, வீரசிகாமணிப் பெருந்தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று கடைத்தெருக்களுக்குப் பெயர். இந்த வணிகர்களிடம் காசை முதலாக ஒப்படைத்து, அதன் வட்டிக்கு நாள்தோறும் கோயில் பிள்ளையாருக்கு வாழைப்பழம் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வட்டி எவ்வளவு என்று கேட்காமல் நம்மவர்கள் விடமாட்டார்கள். அந்தக் கோயிலின் முதலீடுகளில் ஆண்டுக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு என்பது வழக்கமாகக் காணும் விகிதம், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. விளக்குக்கு நெய் கொடுக்க இடையர்களிடம் ஆடுகள் விட்டார்கள். 96 ஆட்டுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய். கோயில் பணத்தை வியாபாரியிடம் நம்பிக் கொடுத்தார்கள் என்பதே அந்தக் காலத்து வியாபாரிக்குக் கிடைத்த பெரிய விருது. அதற்கும் முற்பட்ட பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது மிகையாக எடுப்பதில்லை, விற்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். கவிஞர்கள் நமக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்ததில்லை என்று மேலே எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறோம்.

களத்து மேட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, அடுத்ததை 'இரண்டு' என்று எண்ணும் பழக்கம் நம்மில் வயதானவர்களுக்குத் தெரியும். அளவுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா? நம் சிறுவயதில் நம் வீட்டுக் கடையில் ஒரே படிதான் இருந்தது. ஆனால் நெல்லும் பயறும் வாங்கும்போது அது கோபுரமாகக் குவிந்தது. விற்கும்போது பெரியவர் உள்ளங்கையால் தலையைத் தட்டிச் சமமாக்கிவிடுவார். ஊரில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படித்தான் இருந்தது என்பதும் உண்மை. படி போய், 1956 சட்டத்துக்குப் பின் கிலோ வந்தது, தராசு போய் எலக்ட்ரானிக் மெஷின் வந்தது. குவிப்பதும் தட்டுவதும் வேறு வேடம் போட்டுக்கொண்டு வந்தன.

சம்பா, தாளடி அறுவடைக்கு முன் ஈர வயலில் தெளித்துவிடும் உளுந்தும் பயறும்தான் நம் டெல்டா விவசாயிக்குக் கோடையில் கையில் வரும் காசு. மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினால், கல், மண், ஈரம் என்று கழிவு எடுக்கிறோம். நியாயமான கழிவு உண்டு, மறுக்கவில்லை. ஈரமே இல்லாத வருஷத்திலும் அதே கழிவு ஏன் என்று விவசாயி கேட்டால், வழக்கம் என்று பதில் சொல்கிறோம். அந்தப் பயறைத்தான் புதன்கிழமை புதன் சந்நிதிக்கு நாமே விற்கிறோம்.

அரிசி மூட்டை சமாச்சாரம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி 2022 ஜூலை 18 முதல் வந்தது. அடுத்தடுத்து 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்துவிட்டன. சட்டப்படி இதில் குற்றமில்லை. ஏழை வாங்கும் அரிசிக்கு வரி வேண்டாம் என்று வணிகர் அமைப்புகள் போராடியதும் நியாயமே. ஆனால் மாட்டைப் பின்புறமாக நடக்கவைத்தவர் இந்த 26-ஐப் பார்த்தால் நிச்சயம் ரசித்திருப்பார். நம் கவலை வரியைப் பற்றியது இல்லை. மாதாமாதம் 25 கிலோ என்று வாங்கிப் பழகிய அம்மாளிடம், இதில் ஒரு கிலோ கூடுதல், அதற்கு இவ்வளவு விலை என்று வாயால் சொல்லி விற்றோமா என்பதுதான். சொன்ன கடைக்காரர்கள் உண்டு. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களும் உண்டு.

"பெரிய கம்பெனிக்காரன் ஒரு ரூபாய் பிஸ்கெட்டில் கிராமைக் குறைத்துக்கொண்டே போகிறான், ஆப் வைத்து விற்கிறவன் தள்ளுபடி என்று ஆயிரம் வித்தை காட்டுகிறான், நாங்கள் மட்டும் அரிச்சந்திரனாக இருக்கவேண்டுமா?" என்று சில உறுப்பினர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. கோபம் நியாயமானது. ஆனால் அவர்களுக்கு விளம்பரம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், முகம் கிடையாது. நமக்கு முகம் மட்டும்தான் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னையும் மின்கம்பமும் விழுந்து கிடந்தபோது, கார்டும் இல்லை, கரண்டும் இல்லை. அன்று பற்று நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி பருப்பு கொடுத்தது தெருக்கோடி மளிகைக் கடைதான். அந்த நோட்டை வாடிக்கையாளரும் நம்பினார், கடைக்காரரும் நம்பினார். எடையில் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அந்த நோட்டிலும் சந்தேகம் வரும்.

ஆகவே சின்னம் பற்றி நம் கருத்து இது. இரண்டு பாம்புக் கோல் வேண்டாம். அது டாக்டருடையது என்பதால் அல்ல, நம்முடையதுதான். ஆனால் அதை வைத்திருந்தவர் திருட்டையும் வியாபாரத்தையும் ஒரே கையில் பிடித்திருந்தவர். நமக்குச் சின்னமாக ஒரு மரக்கால் போதும். தலை தட்டாத, கோபுரமும் குவிக்காத, விளிம்போடு நிற்கும் மரக்கால்.

சின்னத்தோடு நிறுத்தினால் நாமும் படம் மாட்டியவர்களாகிவிடுவோம். எனவே சங்கம் தன் செலவில் கடைத்தெருவில் ஒரு பொதுத் தராசு வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்தக் கடையில் வாங்கிய பொருளையும், எந்தக் கடைக்கு விற்க வந்த மூட்டையையும், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடவேண்டும் என்பது 2009 சட்டத்தின் கீழ் உள்ள விதி. பொதுத் தராசுக்கு அந்த முத்திரைச் சான்று எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்கவேண்டும். குறை கண்டால் கடைக்காரர் பெயரைப் போட்டு அவமானப்படுத்துவது வேண்டாம். குறைந்த சரக்கை அன்றே கொடுத்துவிடவேண்டும், மூன்றாம் முறை நடந்தால் செயற்குழு கூப்பிட்டுக் கேட்கவேண்டும். ஒரு மாதத்தில் வியாபாரம் கூடும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. ஒருவேளை முதல் மாதம் நம்மில் சிலருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், நம் கடையையும் சேர்த்தே சொல்கிறோம்.

தராசுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர் வைக்கலாம் என்பது நம் ஆசை. கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளோடும், கிறிஸ்தவ அன்பர்களோடும் கொடுக்கல் வாங்கல் உள்ள கடைத்தெரு நம்முடையது. அவர்களுக்கு ஆட்சேபம் இருக்கலாம். அளவில் குறைப்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு, கள்ளத் தராசைப் பைபிளின் நீதிமொழிகளும் கண்டிக்கிறது. எனவே தராசு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை, பெயரில்தான் பேச்சு வரும். அப்படி வந்தால் கல்வெட்டிலேயே வழி இருக்கிறது. ஆடவல்லான் என்ற மரக்கால் ராஜகேசரி என்ற மரக்காலோடு ஒக்கும் என்று எழுதியிருக்கிறது. இது சோழ அரசரின் பட்டப்பெயர், சாமி பெயர் இல்லை. எந்தப் பெயர் வைத்தாலும் அளவு ஒன்றுதான்.

எந்த முனையில் வைப்பது, இரவில் பூட்டும் சாவி யாரிடம் இருப்பது என்பதை அடுத்த பொதுக்குழுவில் பேசி முடிப்போம். சாவியைச் செயலாளர் வைத்துக்கொள்வதைவிட, வாரத்துக்கு ஒரு கடை என்று முறை வைப்பது நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் வாரம் நாம் எடுத்துக்கொள்ளத் தயார்.